கண்ணாடிக் கெளுத்தி விற்றவன் பட்ட பாடு

அழகுமீன் கடை வைத்தவனுக்குப் பாதிப் பொழுது மீனைக் காப்பாற்றுவதில் போகும். மீதிப் பொழுது, இது குழம்புக்கு இல்லை என்று சொல்வதில் போகும். வீட்டில் மீன்தொட்டி வைத்துப் பார்த்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் எனக்குப் படங்களுக்குச் சட்டம் போடும் கடை. கண்ணாடி அறுக்கத் தெரிந்ததால் தொட்டி செய்தேன். தொட்டி செய்ததால் மீனும் விற்கலாமே என்று தோன்றியது. சென்னையிலிருந்து தகர டின்னில், வழிநெடுகத் தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டே, ரயிலில் கொண்டுவந்தேன் கண்ணாடிக் கெளுத்திகளை. சயாம் நாட்டுப் பக்கத்து ஆற்றுமீன். செதில் கிடையாது. முதுகெலும்பும் முள்ளும் அப்படியே தெரியும். உடம்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற செடியும் தெரியும். கையிலிருந்த பணமெல்லாம் அதில்தான் போயிற்று. அவை பிழைத்தால் மீன் கடை. இல்லாவிட்டால் மறுபடியும் வெறும் சட்டக் கடை.

தண்ணிக்கு விளக்கா?

கல்யாணப் படத்துக்குச் சட்டம் போட வந்தார் விராலிமலை விவசாயி ஒருவர். தொட்டிக்கு மேலே எரிந்த பல்பைப் பார்த்தார். "வெறுந்தண்ணிக்கு எதுக்குண்ணே வெளக்கு?" என்றார். உள்ளே மீன் இருக்கிறது என்றேன். சிரித்தார். படத்துக்கு அளவெடுத்து முடிக்கும்வரை அவர் என்னை நம்பவில்லை.

தொட்டியின் ஒரு மூலையில் பானையிலிருந்து தண்ணீர் சொட்டவிட்டிருந்தேன். இந்த மீனுக்கு நீரோட்டம் பிடிக்கும். எல்லாம் சொட்டும் பக்கமாகவே தலையை வைத்து, வாலை மட்டும் அசைத்தபடி ஒரே இடத்தில் நிற்கும். வெயில் சாய்ந்து தொட்டியில் விழுந்தபோது உடம்பில் வானவில் நிறம் ஓடியது. அவர் சட்டென்று ஒரு எட்டு பின்வாங்கினார். "தோலை உரிச்சுட்டு உள்ள விட்டீங்களா, இல்ல பொறக்கும்போதே இப்பிடித்தானா?"

ஏலக்காரர்

ஜெகதாப்பட்டினத்தில் மீன் ஏலம் எடுக்கிற வியாபாரி ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடி வாங்க வந்தார். மீன் தெரிந்த மனிதர் என்பதால் நானே தொட்டிக்கு அழைத்துப் போனேன். மீசையைப் பார்த்ததுமே, "கெளுத்தி சாதிதான்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. குடல், இதயம் எல்லாம் தலைக்குப் பின்னால் உள்ள சின்ன வெள்ளிப் பைக்குள் அடங்கியிருப்பதையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "நல்ல மீனுதாண்ணே. ஆனா வயித்துக்குள்ள இருக்கிறதெல்லாம் வெளிய தெரியுது. இதை வச்சு ஏலத்துல ஒருத்தனையும் ஏமாத்த முடியாது, நம்ம தொழிலுக்கு ஆகாது!"

ஒன்று போதும்

ஆவூர்ப் பக்கத்து வாத்தியார் ஒருவர் ஒரே ஒரு மீன் கேட்டார். இது கூட்டமாக இருந்தால்தான் இரை எடுக்கும், தனியாக விட்டால் பயந்து ஒடுங்கிவிடும் என்றேன். "ஏங்க, மீனுக்குக்கூடக் கூட்டுக்குடும்பமா?" என்று கேட்டு, ஒன்றோடுதான் போனார்.

அடுத்த வாரம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். பொட்டுக்கடலை மாவு தூவி வந்தாராம். மீன் தின்னாமலே இருந்து, இப்போது நல்ல நிறத்துக்கு வந்துவிட்டதாம். உயிர் போனால்தான் இந்த மீன் பால் மாதிரி வெளுக்கும். அசைகிறதா என்று கேட்டேன். "அசையலைங்க. சமத்தா ஒருச்சாஞ்சு படுத்திருக்கு. இன்னைக்கித்தான் மீனுன்னு கண்ணுக்கே நல்லாத் தெரியுது!"

கொசுப்பானை

கடையில் மிச்சமிருந்த மீன்களும் மாவைச் சீண்டவில்லை. அசைகிற இரைதான் வேண்டும். கொல்லையில் ஒரு பானையில் தண்ணீரும் வைக்கோலும் போட்டுக் கொசுப்புழு வளர்த்தேன். புழு நெளியத் தொடங்கிய அன்றே மலேரியா இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வந்துவிட்டார். "என்னண்ணே, நாங்க தெருத்தெருவாக் கொசுவை ஒழிக்கிறோம், நீங்க கொல்லையில வளக்குறீங்களா?" என்று பானையைத் தூக்கினார். சாக்கடையில் கவிழ்த்துவிட்டால் மீன்கள் அந்த வாரம் தாங்காது.

"கொட்டத்தானே போறீங்க சார், இங்கிட்டுக் கொட்டுங்க" என்று தொட்டியைக் காட்டினேன். முறைத்துக்கொண்டே கொஞ்சம் ஊற்றினார். ஒடுங்கிக் கிடந்த மீன்கள் பாய்ந்தன. வெள்ளிப் பை ஒவ்வொன்றாகக் கறுத்துப் புடைத்தது. இன்ஸ்பெக்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "அட, உள்ள போறது தெரியுதேண்ணே! இன்னுங் கொஞ்சம் ஊத்தவா?"

பானைக்குத் துணி கட்டச் சொன்னார், கட்டினேன். அதன்பிறகு ரவுண்டு போகிற இடங்களில் அகப்பட்ட புழுவையெல்லாம் பாட்டிலில் கொண்டுவந்து அவர் கையாலேயே ஊற்றுவார். மீன் கொழுத்தது, வியாபாரமும் நடந்தது. ஒருநாள் வெறும் பாட்டிலோடு, வருத்தமாக வந்து நின்றார். "கொசுவை ஒழிச்சுட்டோம்னு மேல சொல்லியாச்சுண்ணே. இனிமே ஒங்க மீனுக்காக நான் எந்தக் குட்டையிலண்ணே போயி எறங்குறது?"

அப்புறம் நானே குளத்தில் துணிவலை போட்டு நீர்ப்பூச்சி பிடித்து மீன்களைக் காப்பாற்றிவிட்டேன் என்றாலும், கொசு போயிற்றே என்று ஊரே நிம்மதியாகத் தூங்கிய அந்தச் சில நாள், கொசு போயிற்றே என்று கவலைப்பட்ட ஒரே வியாபாரி நானாகத்தான் இருந்திருப்பேன்.