நாலு அடுப்பும் ஒரு சீன மந்திரியும்

எண்பதுகளின் நடுவில், பனி கொட்டும் ஒரு மாரிகாலம். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த எங்கள் பத்தொன்பது பேரை ரண்டர்ஸ் என்ற வடஐரோப்பிய நகரில் ஒரு பழைய விடுதியில் வைத்திருந்தார்கள். குசினியில் நாலு மின்னடுப்பு. ஊருக்கு ஒன்றாக நாலு கூட்டம் அவற்றைப் பிடித்து வைத்திருந்தது. அடுத்தவன் பானை வைத்தால் அடி. என் அறைக்காரனின் காது ஒரு மீன்குழம்பில் கிழிந்தது.

நான் ஊரில் வரலாறு படிப்பித்தவன். வாய் சும்மா இருக்குமா? எல்லோரும் மதித்த பெரியண்ணையிடம் போய், ஹான் அரசின் மந்திரி ஒருவரின் கதையைச் சொன்னேன். சிற்றரசர்கள் கொழுத்துப் போனார்கள், அவர்களின் நிலத்தைக் குறைத்தால்தான் நாடு ஒன்றாகும் என்றார் மந்திரி. மன்னனும் கேட்டான்.

"நீங்களும் அடுப்புகளைப் பறியுங்கோ அண்ணை. எல்லாருக்கும் ஒரே பானை."

பெரியண்ணை மத்தியானம் அறிவித்தார். பின்னேரம் யுத்தம். ஒருவன் இரும்புத் தாச்சிச் சட்டியால் இன்னொருவனின் மண்டையைப் பிளந்தான். கொதித்த பருப்பு ஒருவன் முதுகில். சோற்றுக்குள் இரத்தம். நான் வீரத்தோடு குளிர்பெட்டிக்குப் பின்னால் நின்றேன்.

மறுநாள் காலை நாலு கூட்டமும் பெரியண்ணையிடம் சொன்னது சுவரூடாகக் கேட்டது. "உங்களோட எங்களுக்குக் கோவமில்லை. யோசனை சொன்னவனைத் தாங்கோ."

சற்று நேரத்தில் பெரியண்ணை என் கதவைத் தட்டினார். "வாத்தியார், கோட்டைப் போட்டுக்கொண்டு வாரும். கதைக்கப் போறம்."

கதையின் மிச்சத்தை நான் அவருக்குச் சொல்லவில்லை. சிற்றரசர்கள் ஏழு பேர் படையோடு கிளம்பியதும், மன்னன் அந்த மந்திரியை அரசவை உடையோடு வண்டியில் ஏற்றி, சந்தையில் இறக்கி, இடுப்போடு இரண்டாக வெட்டுவித்தான். சபைக்குப் போவதாகவே மந்திரி நினைத்திருந்தார்.

கோட்டைப் போடாவிட்டால் வெட்டமாட்டார்கள் என்றது என் மூளை. உள்பனியனோடு யன்னலால் பாய்ந்தேன். கீழே குவிந்திருந்த பனியில் இடுப்புவரை புதைந்தேன். மேல்பாதி மட்டும் வெளியே; வெட்டுகிறவனுக்கு அளவு எடுக்கிற வேலைகூட மிச்சம்.

நாலு பேர் தோண்டி எடுத்துத்தான் அடித்தார்கள். ஒரு முன்பல் பனிக்குள் போனது. பெரியண்ணை பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுப்புகள் பழைய கூட்டங்களிடமே போயின. ஆனாலும் பின்னேரம் திரும்பவும் அடிபாடு. இந்த முறை விலக்கப் போன பெரியண்ணையின் நெற்றி பிளந்தது. அதில் துணியை அழுத்திப் பிடித்தபடி, வீங்கின வாயால் மிச்சக் கதையைச் சொன்னேன். மந்திரியை வெட்டின பிறகும் சிற்றரசர்கள் படையைத் திருப்பவில்லை.

"உந்தக் கதையை முதலே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்கள் அடுப்பில கை வைச்சிருக்க மாட்டியள் அண்ணை."

"ஓம்." துணியைத் தானே வாங்கிப் பிடித்தார். "கடைசியில ஆர் வெண்டது?"

"மன்னன்தான். படையை அனுப்பி ஏழு பேரையும் அடக்கிப்போட்டான்."

பெரியண்ணை எழும்பித் தாச்சியைத் தேடினார். நான் குளிர்பெட்டிக்குப் பின்னால் என் பழைய இடத்துக்குப் போனேன்.