முதல் அடியைச் சொல்வதில்லை

காலை ஏழு மணிக்கு எங்கள் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தின் கதவு திறக்கும். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலிருந்து இரண்டு திருப்பம் உள்ளே, வீவக என்கிற அரசாங்க வீடமைப்புக் கழகத்து அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. கதவருகே குட்டை நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். வருகிற ஒவ்வொரு குழந்தைக்கும் நெற்றியில் காய்ச்சல் பார்க்க வேண்டும். வாயைத் திறந்து நாக்கைப் பார்க்க வேண்டும். உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாவற்றையும் திருப்பிப் பார்க்க வேண்டும். கை, கால், வாய்ப்புண் நோய் ஒரு குழந்தைக்கு வந்துவிட்டால் ஒரே வாரத்தில் அறை காலியாகிவிடும். அதனால் குழந்தையை வாங்கி, புரட்டிப் பார்த்து, "சரி, உள்ள போலாம்" என்பேன். தேக்கா சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவளும் இப்படித்தான் பார்ப்பாள்.

ஒன்பது வருடமாக இந்த வேலை. குழந்தைகளோடு இருந்தால் மனசு சந்தோஷமாக இருக்குமே என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. பழகப் பழகப் பாலும் புளிக்கும். இரண்டு மாதக் குழந்தையிலிருந்து பதினெட்டு மாதக் குழந்தை வரை என் அறையில் இருக்கிறார்கள். பால், டயப்பர், தூக்கம், மறுபடியும் பால். தூங்க வைக்க முதுகில் தட்டிக்கொடுப்போம், வலது கையில் ஒன்றுக்கும் இடது கையில் இன்னொன்றுக்கும். என் கை தட்டிக்கொண்டிருக்கும், நான் சாயங்காலம் என்ன சமைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பேன். சேர்ந்த புதிதில் அவர்களுடைய அழுகை வீட்டுக்கு வந்த பிறகும் காதில் கேட்டது. போகப் போக அறையில் இருக்கும்போதே கேட்காமல் போயிற்று. எது பசி, எது தூக்கம், எது வயிற்றுவலி என்று மட்டும் தெரியும். வேலைக்கு அது போதும்.

எங்கள் அறையில் எழுதாத விதி ஒன்று உண்டு. முதல் அடியைச் சொல்வதில்லை. குழந்தை முதன்முதலாக நடந்தாலும் சரி, முதல் சொல் பேசினாலும் சரி, மாலையில் அழைத்துப்போக வரும் அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது. "சீக்கிரம் நடந்துருவா போலிருக்குமா, சனி ஞாயிறு கவனிச்சுக்குங்க" என்று மட்டும் சொல்லலாம். சனி, ஞாயிற்றில் குழந்தை வீட்டில் நடக்கும். திங்கட்கிழமை காலை அம்மா கதவருகே வந்து துள்ளிக்கொண்டு சொல்வாள். நாங்கள் வாயைப் பிளக்க வேண்டும். பெற்றவர்கள் பார்ப்பதுதான் முதல் தடவை, நாம் பார்த்தது சேர்த்தி இல்லை என்பது எங்கள் மேலாளரின் வாதம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணலாம் என்கிறோம். ஒருத்தி நிம்மதியாக வேலைக்குப் போய்வர ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? வாயைப் பிளப்பது எனக்கு நன்றாகவே வரும்.

அந்தக் குழந்தை போன வருடம் எங்களிடம் வந்தாள். இரண்டரை மாதம் முன்னதாகவே பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவள். அவளுடைய அம்மா நகரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் தமிழ்ப் பெண். மற்ற அம்மாக்கள் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேட்பார்கள். இவள் குழந்தையைக் கையில் வாங்கும் முன்பே, "டீச்சர், இன்னிக்கு நடந்தாளா?" என்பாள். பிறந்த தேதியிலிருந்து எண்ணாதீர்கள், இரண்டரை மாதத்தைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளால் கழிக்க முடியவில்லை.

"நான் இங்க விட்டுட்டுப் போறதாலதான் இவ லேட்டாம். மாமியார் சொல்றாங்க" என்று ஒருநாள் சொன்னாள்.

"அப்படியெல்லாம் இல்லமா" என்று சொல்லிவிட்டு, அடுத்த குழந்தையின் பையைத் தேடப் போனேன்.

பதினாறு மாதம் ஆனபோது, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தக் குழந்தை நடந்தாள். தூங்கி எழுந்த நேரம். நான் தரையில் உட்கார்ந்து, யாருக்கு எத்தனை மணிக்கு டயப்பர் மாற்றினோம் என்று அட்டவணையில் எழுதிக்கொண்டிருந்தேன். புத்தக அலமாரியைப் பிடித்து நின்றவள் கையை விட்டாள். ஐந்து அடி வைத்து நேராக என் முழங்காலில் வந்து விழுந்தாள். நாற்றம் அடித்தது. தூக்கிக்கொண்டு போய் டயப்பரை மாற்றி, அதையும் அட்டவணையில் எழுதினேன். என்னோடு அறையில் இருக்கும் மலாய் ஆசிரியை, நடந்துவிட்டாளா என்று புருவத்தை உயர்த்தினார். தலையை ஆட்டினேன். அதோடு சரி.

அந்தச் சனி, ஞாயிற்றில் குழந்தை வீட்டில் நடக்கவில்லை. அடுத்த வாரக் கடைசியிலும் நடக்கவில்லை. எங்கள் அறையிலோ நாள் முழுக்க நடந்துகொண்டிருந்தாள். காரணத்தை நான் யோசித்திருக்க வேண்டும். பகலெல்லாம் விட்டுவிட்டுப் போன குற்ற உணர்ச்சியில், வீட்டுக்குப் போனதும் அந்தப் பெண் குழந்தையைத் தூக்கியே வைத்திருப்பாள். விடுமுறை நாளிலும் இடுப்பை விட்டு இறக்கமாட்டாள். தரையில் விட்டால்தானே குழந்தை நடக்கும்? நான் யோசிக்கவில்லை. "இன்னிக்கு நடந்தாளா டீச்சர்?" என்பாள். "இன்னும் இல்லமா" என்பேன். பத்துத் தடவைக்கு மேல் சொல்லியிருப்பேன். மூன்றாம் நாளுக்குப் பிறகு அது பொய் என்ற நினைப்பே எனக்கு இல்லை.

குழந்தை நடந்து பதினாறு நாள் ஆகியிருந்தது, வியாழக்கிழமை. காலையில் அம்மா குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"டீச்சர், இன்னிக்கு லெட்டர் குடுக்கப் போறேன்லா. வேலைய விட்டுடறேன். பாஸ் மத்தியானம்தான் வருவாரு."

"ஏன்மா?"

"இவள நான் வீட்ல வச்சுப் பாத்திருந்தா இப்படி ஆகியிருக்காது. பிசியோவுக்கும் அப்பாயின்மென்ட் போட்டுட்டேன்." பேசிக்கொண்டே குழந்தையின் காலைத் தடவினாள். "எனக்கு இந்த வேல ரொம்பப் புடிக்கும் டீச்சர். பரவால்ல, என்ன பண்றது."

அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். "சரிமா, பாத்துப் போயிட்டு வாங்க" என்றேன். காய்ச்சல் இல்லை என்று எழுதிக்கொண்டேன். அவள் எம்ஆர்டி ரயில் நிலையத்துப் பக்கம் திரும்பிப் போனாள்.

ஒன்பது மணிக்கு அந்தக் குழந்தை பாலைக் குடித்துவிட்டு எழுந்து, ஜன்னல் வரைக்கும் நடந்து போனாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒருத்தி தனக்குப் பிடித்த வேலையை மத்தியானம் விடப் போகிறாள், நான் தினமும் சாயங்காலம் சொல்கிற இரண்டு வார்த்தையால். பதறிப்போனேன் என்று எழுத ஆசைதான். பதறவில்லை. ஒரு குழந்தையின் பால் புட்டி இன்னொன்றுக்குப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்பது போலத்தான் இருந்தது. வெளியே ஓடிப்போக முடியாது, குழந்தைகளை விட்டுவிட்டு அறையைத் தாண்டக்கூடாது. எங்கள் கைபேசிகளை லாக்கரில் பூட்டி வைத்திருப்பார்கள். மேலாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன். இப்போது போய்ச் சொன்னால் எப்போதிலிருந்து என்று கேட்பாள், பெரிய புகாராகிவிடும் என்றார் அவர். பிறகு அவரே வழியும் சொன்னார். நிலையத்து டேப்லெட்டில் குழந்தை நடப்பதை வீடியோ எடுத்து, பெற்றோருக்கு அனுப்பும் செயலியில் போட்டுவிடு, இன்றுதான் நடந்தாள் என்று அவளே நினைத்துக்கொள்வாள்.

நல்ல யோசனைதான், பாம்பும் சாகும் கம்பும் முறியாது. எடுத்தேன். "பாருங்கமா!" என்று எழுதி அனுப்பிவிட்டு, மத்தியானக் கஞ்சியைச் சூடுபண்ணப் போனேன்.

வழக்கமாக ஆறரைக்கு வருகிறவள் அன்றைக்கு ஐந்து மணிக்கே வந்தாள். அழுதிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. குழந்தை அவளைக் கண்டதும் தொப்பென்று உட்கார்ந்து, தவழ்ந்தே போய்ச் சேர்ந்தாள். அவசரத்துக்கு அதுதான் வேகம்.

"லெட்டர் குடுக்கல டீச்சர். பைலதான் இருக்கு."

"ரொம்ப நல்லதுமா! காலையில திடீர்னு எழுந்து..." என்று நான் வாயைப் பிளக்க ஆரம்பித்தேன்.

"வேணாம் டீச்சர்" என்று கைபேசியை நீட்டினாள். "ஆபீஸ்ல முப்பது தடவ பாத்திருப்பேன். மொதல்ல அழுதுட்டேன். அப்புறம் சவுண்ட் வச்சுப் பாத்தேன்."

வீடியோவை ஓடவிட்டாள். குழந்தை நடக்கிறாள். மலாய் ஆசிரியை பால் புட்டிகளை எடுத்துக்கொண்டு குறுக்கே போகிறார், அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. டேப்லெட்டுக்குப் பின்னாலிருந்து என் குரல், ஈரத்தாள் தீர்ந்துவிட்டது, ஒரு கட்டு எடுத்து வையுங்கள் என்று அவரிடம் சொல்கிறது.

"ஒருத்தர் கை தட்டல. ஒருத்தர் கத்தல. மொத தடவ நடக்குற புள்ளய யாரு இப்படிப் பாப்பாங்க?" என்றாள். "எத்தன நாளா நடக்குறா?"

"பதினாறு நாள்" என்றேன். எங்கள் விதியையும் சொன்னேன். ஏன் அப்படி ஒரு விதி என்றும் சொன்னேன்.

"எனக்காகத்தான் சொல்லல, புரியுது. ஆனா இந்தப் பதினாறு நாளும் நான் என்னத்தான் திட்டிக்கிட்டிருந்தேன் டீச்சர்."

"தப்புதான்மா."

"மொத நாளாவது யாராச்சும் கை தட்டினீங்களா?"

ஆமாம் என்று சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும். எனக்கும் பிரச்சினை முடிந்துவிடும்.

"இல்லமா. டயப்பர் மாத்தினேன்."

என்னையே பார்த்தாள். பிறகு குழந்தையை என் நாற்காலியைப் பிடித்து நிற்கவைத்துவிட்டு, நாலு அடி பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தை முதலில் தவழத்தான் பார்த்தாள். அவள் விடவில்லை, திரும்ப நிற்கவைத்தாள். இரண்டாம் தடவை கையை விட்டு, ஆடி ஆடி, அம்மாவிடம் நடந்தே போய்ச் சேர்ந்தாள். அந்தப் பெண் கை தட்டினாள். தன்னந்தனியாக, சத்தமாகத் தட்டினாள். பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடத்தில் அந்தக் கதவருகே எனக்குச் சுருக்கென்று உறைத்தது அன்றைக்குத்தான்.

"நீங்களும் தட்டுங்க டீச்சர்" என்றாள், என்னைப் பார்க்காமலே.

தட்டினேன், பதினாறு நாள் கழித்து.