பிந்தி வரும் துண்டு

துடியலூர் மரபணுப் பரிசோதனைக்கூடத்தில் வரவேற்பு மேசை என்னுடையது. உள்ளே இருக்கும் இயந்திரம் ஷைலா அக்காவுடையது. அவசரக்காரர்களை அவருக்குப் பிடிக்காது. எனக்கும்தான்.

அன்று லோகப்பிரியா வந்திருந்தாள். நான்கு மாதக் கர்ப்பிணி. கணவன் குடும்பத்தில் நடை தள்ளாடும் பரம்பரை நோய். வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் அது உண்டா என்று தெரியவேண்டும். ஷைலா அக்காவின் வீட்டுக்காரரும் அந்த நோயில்தான் போனார். மகன் ஜெப்ரிக்கும் அதுதான். பத்தொன்பது வயதில் கைத்தடி. அவனுக்குச் சோதனை எடுத்த வருடம்தான் அக்கா பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு இதைக் கற்றுக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அக்காவின் இயந்திரத்துக்குள் தலைமுடி அளவுக் கண்ணாடிக் குழாய். அதற்குள் தண்ணீரில் கரைத்த பாலிமர், கஞ்சி மாதிரி. டிஎன்ஏ துண்டுகளுக்கு மின்னூட்டம் இருப்பதால், மின்சாரம் கொடுத்தால் அதற்குள் நெளிந்து நகரும். குட்டை முந்தும், நெட்டை பிந்தும். பிள்ளைக்கு அம்மாவிடமிருந்து ஒரு துண்டு, அப்பாவிடமிருந்து ஒரு துண்டு. நோய் இருந்தால் ஒன்று நீளமாக இருக்கும்.

"வோல்டேஜை ஏத்தி வெச்சா சீக்கிரம் முடியுமில்லக்கா?" என்றார் மேலாளர் மதன்குமார். இந்த மனிதருக்குச் சோறு வேகக்கூடப் பொறுமை கிடையாது.

"ஏனுங்க சார், ரொம்ப இழுத்தா நெட்டையும் குட்டையும் ஒண்ணாவே வந்து விழுந்துருமுங்க. அப்புறம் அந்தப் புள்ளைக்கு நீங்க பதில் சொல்றீங்களா?"

அவர் போய்விட்டார்.

திரையில் ஒரே ஒரு முகடு எழுந்தது. இரண்டு துண்டும் ஒரே அளவாக இருந்து சேர்ந்து வந்திருக்கலாம். இல்லை, நீளமானது இன்னும் குழாய்க்குள் வந்துகொண்டிருக்கலாம். அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். இருபது நிமிடம். கோடு படுத்தே கிடந்தது; இரண்டாவது முகடு எழவேயில்லை.

பிள்ளைக்கு நோய் இல்லை என்று டாக்டர் சொன்னதும் லோகப்பிரியா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், அக்கா பின்கட்டில் தனியாக நின்று அழுகிறார்.

"நல்ல சேதிக்கு எதுக்குங்க்கா அழுகறீங்க?"

"அந்த நெட்டைத் துண்டு வந்தராதே, வந்தராதேன்னே வேண்டிக்கிட்டிருந்தேன் கண்ணு. அந்தத் துண்டோட வந்தவன்தானே எம் பையன்."



சாயங்காலம் அம்மாவைக் கூட்டிப்போக ஜெப்ரி வந்தான். கேட்டிலிருந்து படிக்கு நாற்பதடி. தடியை ஊன்றி ஊன்றி வந்தான். அக்கா ஓடிப்போய்த் தாங்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவன் வந்து சேரும்வரை படியிலேயே நின்றார்.

"வா சாமி," என்றார்.