சாதாக் கட்டி

ஷாஹுல் பாய் துடியலூர்–காந்திபுரம் டவுன் பஸ் டிரைவர். நான் அதே வண்டியில் கண்டக்டர். அவர் கியர் மாற்றினால் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகூடத் தடுமாறாது. கிளட்ச் மிதிக்கிற அந்த இடது காலில், முழங்காலுக்கு மேல்தான் கட்டி வந்தது.

மிதித்து மிதித்து வந்த வலி என்று தைலம் தேய்த்தார். வீக்கம் வற்றவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கட்டியில் துணுக்கெடுத்துச் சோதித்த டாக்டர் சொன்னார்:

"கேன்சர் இல்லீங்க. ஜெயன்ட் செல் ட்யூமர்னு பேரு, சாதாக் கட்டிதான். ஆனா திரும்ப வர்ற குணம் உண்டுங்க. சுரண்டி எடுத்துப்போட்டு எலும்புல சிமெண்ட் அடைக்கோணும். அப்புறம் மூணு மாசத்துக்கு ஒருக்கா எக்ஸ்ரே பாக்கோணும்."

'சாதா'வுக்குப் பிறகு வந்த எதுவும் பாய் காதில் ஏறவில்லை. ஆபரேஷன் முடிந்து வண்டிக்குத் திரும்பியதும் ஸ்டாண்டு முழுக்கப் பிரியாணி கொடுத்தார். 'சிமெண்ட் காலு' என்று நாங்கள் கேலி செய்தோம், அவரும் சிரித்தார். ஒரேயொரு எக்ஸ்ரே எடுத்தார். நன்றாக இருந்தது. அதோடு விட்டுவிட்டார். மனைவி மிஸ்பா நச்சரித்துப் பார்த்தாள்.

"சாதாக் கட்டிக்கெல்லாம் எதுக்கு அம்மணி லீவு போடோணும்?" என்றார்.

அந்தச் சொல்லை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சாதா பஸ் என்ன செய்யும்? ஒரு ஸ்டாப் விடாமல் நின்று நின்று, கடைசியில் போகவேண்டிய இடத்துக்குப் போய்த்தான் சேரும். வேறு எவனுக்குத் தெரியாவிட்டாலும் பஸ்காரனுக்குத் தெரிய வேண்டாமா?

அடுத்த வருஷம் கவுண்டம்பாளையத்தில் கிளட்சை மிதித்தவர் "யா அல்லாஹ்!" என்று அலறினார். எலும்பு முறிந்திருந்தது. கட்டி சிமெண்டைச் சுற்றி வளர்ந்து மூட்டுவரை அரித்துவிட்டிருந்தது. இந்தத் தடவை சுரண்ட எலும்பே இல்லை. மூட்டோடு வெட்டியெடுத்து, கம்பி வைத்து, இனி மடங்காதபடி காலை நீட்டினபடியே இணைத்துவிட்டார்கள்.

"காலு மிஞ்சுச்சுங்களே, அதப் பாருங்க" என்றார் டாக்டர்.

"வண்டி ஓட்டலாங்களா?" என்று கேட்டார் பாய்.

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது எக்ஸ்ரேக்குத் தவறாமல் போகிறார், எங்கள் வண்டியிலேயே. முன் சீட்டில் உட்கார்ந்தாலும் கால் வழியில்தான் நீண்டு கிடக்கும். "பாய் காலு, பாத்து ஏறுங்க" என்று நான்தான் கத்துவேன். நேற்றுப் புது டிரைவர் கதிரேசன் அரைக் கிளட்சில் கியரை மாற்ற, வண்டி குலுங்கியது. கூட்டம் திட்டியது. பாயின் இடது தொடை இறுகியதைப் பார்த்தேன். முழங்கால் அசையவில்லை.

"முழுசா மிதிங்க தம்பி" என்றார் பாய். "மிதிக்கிறதுக்குக் காலு இருக்குதல்லங்க."