எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள்

எங்கள் பணிப்பாளர் அம்மையார் தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு அறையைவிட்டு வெளியே வந்த காலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஓர்ஸ் ஹில்லில் இருந்த எங்கள் சமூக சேவை அலுவலகத்துக்கு அவர் அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார். அதுவரை உதவி கேட்டு வருகிறவர்கள் அறைக்குள் தனியே போய், யாராவது அரசியல்வாதியின் பெயரைச் சொல்லிக் கிசுகிசுப்பார்கள். சொல்லப் பெயரில்லாதவர்கள் வெளியே வாங்கில் உட்கார்ந்தபடியே காய்வார்கள். மண்டபத்தின் நடுவில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தவர், "இனி என்னோட ஆரும் காதுக்குள்ள கதைக்கேலாது. என்ன தேவையெண்டாலும் எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ. ஆருக்குக் குடுக்கிறதெண்டும் இஞ்ச வைச்சே முடிவெடுப்பம்" என்றார். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

முதல் கூட்டம் படுத்துவிட்டது. காலையில் வைத்தார். வந்தவர்கள் எல்லாம் சட்டை கசங்காத ஆட்கள். மறுநாள் மீன்பிடி ஊரான இறக்கக்கண்டியிலிருந்து ஒரு பெண் வந்து வெடித்தாள்: "வள்ளம் கரைக்கு வாற நேரத்தில கூட்டம் வைச்சா எங்களில ஆர், மிஸ், வாறது?" அம்மையார் கோபிக்கவில்லை. கூட்டம் பின்னேரத்துக்கு மாறியது. தொழுகை நாளென்று கிண்ணியாக்காரர் சொன்னதும் வெள்ளிக்கிழமையில் கூட்டம் வைப்பதையும் விட்டார். அதன்பிறகு மண்டபம் கொள்ளாத சனம். தலைமை தாங்குவதையும் மெல்ல மெல்ல ஊராரிடமே கொடுத்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு ஊர். "நான் இல்லாட்டியும் இது நடக்கோணும்" என்பது அவர் வாயில் ஓயாத பேச்சு.

அவர் ஓய்வுபெற்று யாழ்ப்பாணம் போனபோது, இனி எல்லாம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான் என்று பயந்தேன். போன மாதம் அந்தச் சோதனை வந்தது. அலுவலகத்துக்கு ஒரேயொரு சக்கர நாற்காலி கிடைத்திருந்தது. இறக்கக்கண்டியில் ஒரு தாய், நடக்க முடியாத வளர்ந்த மகளை இடுப்பில் சுமந்தே பள்ளிக்கூடம் கொண்டுபோகிறாள். கூட்டத்துக்கும் மகளைச் சுமந்து வந்து அதைக் கேட்டிருந்தாள். கூட்டத்தின் நடுவே ஒரு அரசியல்வாதியின் செயலாளர் நுழைந்து, புதுப் பணிப்பாளரின் காதருகே குனிந்தார். இளம் பெண்ணான பணிப்பாளரின் முகம் வெளுத்துப்போனது.

அன்று தலைமை கிண்ணியாவின் முறை. தலைமை தாங்கிய உம்மா எழுந்தார்.

"தம்பி, இஞ்ச காதுக்குள்ள கதைக்கிற வழக்கமில்ல. ஆருக்கு வேணுமெண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க."

செயலாளர் நிமிர்ந்து கைத்தொலைபேசியை எடுத்தார். உம்மா சபையைப் பார்த்தார்.

"எங்கட ஊட்டுக்காரருக்கும் சில்லுக் கதிரை வேணும்தான். அவர் ஊட்டோட இருக்கிற மனிசன். அந்தப் புள்ள பள்ளிக்குப் போகோணும். புள்ளதான் முந்தி."

"ஓம், அதுதான் சரி" என்று மண்டபமே எழுந்தது. செயலாளர் வராத அழைப்புக்குக் கைத்தொலைபேசியைக் காதில் வைத்தபடி வெளியே நழுவினார். அந்தப் பிள்ளை தன் கையாலேயே சில்லை உருட்டிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி வந்தபோது நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

அன்று மாலையே அம்மையாருக்குத் தொலைபேசியில் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், ஒன்றே ஒன்று கேட்டார்.

"என்ர பேரை ஆரும் சொன்னவையோ?"

"இல்லை மேடம், ஒருத்தரும் சொல்லேல்லை. தங்கட வழக்கமெண்டுதான் சொன்னவை."

மறுமுனையில் அவர் சத்தமாகச் சிரித்தார். அத்தனை வருடம் கூட வேலை செய்தும், அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.