என் பங்குப் பால்

கல்யாணமாகி ஒரு வருஷம் முடியுமுன்னே இருமலும் காய்ச்சலுமாகப் படுத்துவிட்டேன். எக்ஸ்ரே பார்த்த தென்காசி டாக்டர் காசம் என்றார். அவ்வளவுதான், மேலகரத்து மாமியார் வீட்டிலிருந்து இலத்தூருக்கு, அம்மாவிடம் அனுப்பிவிட்டார்கள். உடம்பு தேறினால் கூட்டிக்கொள்வார்களாம். அதுவரை என் வீட்டுக்காரர் வந்து பார்க்கவும் கூடாதாம்.

முந்தின வருஷம் ஆனியில், அருவி கொட்டும் சாரல் காலத்தில், அவரோடுதான் குற்றாலத்துக்கு நடந்து போய்க் குளித்தேன். அடுத்த சாரலுக்குள் திரும்பிவிட வேண்டும் என்று கிடந்து தவித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காய்ச்சலைவிட அந்த ஏக்கம்தான் என்னை வாட்டியது.

“குடிச்சிருட்டி. சதை பிடிச்சாத்தான் அவிய கூட்டிட்டுப் போவாவ” என்று அம்மா பாலை நீட்டுவாள். அந்த வார்த்தைக்காகவே இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தேன். மீனெண்ணெயை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். வெயில் நல்லது என்றார்கள், முற்றத்தில் கருவாடாகக் காய்ந்தேன்.

தேறுவதாவது! பானைத் தண்ணீரும் போதாத தாகம். குடித்த கையோடு கொல்லைக்கு ஓட்டம். வாந்தி வேறு. ஒருநாள் அம்மாவைப் பார்த்தே, “நீங்க யாரு?” என்று கேட்டிருக்கிறேன்.

அது காதில் விழுந்ததும் அவர் ஓடிவந்தார். யார் பேச்சையும் கேட்காமல் என்னைச் சென்னைக்குக் கொண்டுபோனார். அங்கே பெரிய டாக்டர், “வீட்டில் வவ்வால் உண்டா?” என்று கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கல்யாணமான புதிதில் எங்களுக்கென்று ஓர் அறை வேண்டுமென்று, வவ்வால் அடைந்து கிடந்த பழைய நெல் அறையைப் புழுதி பறக்கப் பெருக்கியது நாங்கள்தான்.

“காசமில்லை, வவ்வால் எச்சப் புழுதியிலிருந்து நெஞ்சில் ஏறிய பூஞ்சை. அதனால் ரத்தத்தில் கால்சியம் ஏறித்தான் இந்தத் தாகமும் வாந்தியும் மறதியும். பாலும் மீனெண்ணெயும் வெயிலும் இன்னும் ஏற்றிவிட்டன போலிருக்கிறது” என்றார். சீக்கிரம் என் வீட்டுக்காரரிடம் போகத்தானே அத்தனை பாலையும் குடித்தேன்!

பூஞ்சைக்கு நரம்பில் ஏற்றிய மருந்து உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அவர் என் கையை விடவில்லை. நாங்கள் ஊர் திரும்பியபோது சாரல் முடிந்து, அருவி நூலாக வழிந்தது. அதில்தான் குளித்தோம்.

வீட்டில் மாமியார் ஆசையாகப் பால் கொண்டுவந்தார். என் வீட்டுக்காரர் டம்ளரைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “ஏட்டி, இனி உன் பங்கும் எனக்குத்தான்” என்றார். சில மாதம் கழித்து, இனி நான் பால் குடிக்கலாம் என்று டாக்டரே சொன்னார். இருவரும் அதைக் கேட்காதது போலவே காலமெல்லாம் இருந்துவிட்டோம்.

இந்தச் சாரலுக்கு அவர் இல்லை. மருமகள் வைத்துவிட்டுப் போன பாலில் ஆடை படிந்துவிட்டது. எடுத்துக் குடிக்க அவர் கை வராதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.