கழற்றத் துணியாத சிலுவை

நான் வேலை செய்யும் பல்கலைக்கழக நூலகத்தில், நோர்வேக்காரர் மடிக்கணினியையும் பணப்பையையும் மேசையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவார்கள். ஒரு மணித்தியாலம் கழித்து வந்தாலும் வைத்தது வைத்தபடி இருக்கும். இத்தனை வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. கழிப்பறைக்குப் போனாலும் கைப்பையைத் தோளில் கொழுவிக்கொண்டுதான் போவேன். ஏனென்று என் மேலதிகாரி இங்கர் ஒருநாள் கேட்டாள். "என் அப்பா ஒருவனை நம்பினவர்" என்றேன். அவள் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த ஒருவன் கிறிஸ்தோப்பு. மன்னார்த் தீவில், எங்கள் ஊரான தாழ்வுபாட்டில், அப்பாவின் வள்ளத்தில் கூட மீன்பிடித் தொழிலுக்குப் போனவன். சண்டை தீவுக்குள் வந்த கிழமை நாங்கள் மடு மாதா கோயிலுக்கு ஓடினோம். அப்பா வள்ளத்தை அவனிடம் ஒப்படைத்தார். திரும்பி வந்தபோது, "ஷெல் விழுந்து எரிஞ்சு போச்சு அண்ணை, என்னால ஒண்டும் ஏலாமப் போச்சு" என்று கரையில் குந்தியிருந்து அழுதான். அப்பா அவனைக் கட்டிப்பிடித்துத் தேற்றினார். அவன் உயிர் தப்பியதற்காகக் கோயிலில் மெழுகுதிரியும் கொளுத்தினார். கொஞ்ச நாளில் கிறிஸ்தோப்பு பெண்சாதியின் ஊரான முள்ளிக்குளத்துக்குக் குடிபோனான். அப்பா சாகும்வரை ஊரான் வள்ளத்தில் கூலிக்குப் போனார். அந்த மெழுகுதிரியை நினைத்தால் எனக்கு இப்பவும் வயிறு எரியும்.

போன குளிர்காலம், புலம்பெயர்ந்தவர்களின் ஊர்ப்படங்களைச் சேர்த்து இணையத்தில் ஏற்ற நூலகம் தொடங்கியது. தமிழ்க் குறிப்பு எழுதுவது என் வேலை. இதே நகரத்தில் இருக்கும் கிறிஸ்தோப்பின் மகன் யஸ்ரின் ஒரு அல்பம் கொடுத்திருந்தான். அதில் ஒரு படத்தில், முள்ளிக்குளம் கரையில், கிறிஸ்தோப்பு ஒரு நீல வள்ளத்தில் சாய்ந்து நிற்கிறான். பின்பக்கத்தில் அவன் கையெழுத்து: "இடம்பெயர்வுக்குப் பிறகு எனது சொந்த வள்ளம்." படத்தைப் பெருப்பித்தேன். வள்ளத்தின் மூக்கில் ஒரு கருங்காலிச் சிலுவை. அப்பா செதுக்கி, பங்குச் சுவாமியாரிடம் மந்திரித்து அடித்த சிலுவை. ஆணி அடிக்கும்போது உடைந்த ஒரு கை குட்டையாகவே இருக்கிறது. நிறத்தை மாற்றியிருக்கிறான், பெயரை மாற்றியிருக்கிறான், சிலுவையில் மட்டும் கைவைக்கவில்லை. மந்திரித்த சிலுவையைக் கழற்றிய வள்ளம் கரை திரும்பாது என்று எங்கள் கடற்கரையில் எல்லாருக்கும் பயம். களவெடுக்கப் பயப்படாத சனியன் அதற்குப் பயந்திருக்கிறான்.

என் கண் கலங்கியதைக் கண்ட இங்கர், "அழகான கைவேலை, ஊர் ஞாபகமா?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். என் பெயரைப் போட்டால் குறிப்புச் சேர்க்கலாம் என்றாள். "இது தாழ்வுபாடு சூசை மரிசாலின் வள்ளம். நம்பி ஒப்படைக்கப்பட்டது. திருப்பிக் கொடுக்கப்படவில்லை" என்று எழுதி, கீழே மகள் என்று என் பெயரைப் போட்டேன். அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் யஸ்ரின் மறித்தான்.

"அக்கா, அப்பா மோசம் போயிட்டார். செத்த மனிசனுக்கு இனி உதெல்லாம் ஏன்? என்ர பிள்ளையள் வாசிக்குதுகள்."

"வாசிக்கட்டும் தம்பி. அதுக்குத்தான் எழுதினனான்."

"குறிப்பை எடுத்தியள் எண்டால் படம் இருக்கும். இல்லாட்டி நான் படத்தைத் திருப்பி வாங்கிப்போடுவன்."

எங்கள் படங்கள் எல்லாம் ஓட்டத்தில் தொலைந்தவை. அப்பாவின் வள்ளத்துக்கு இருந்த ஒரே படம் அது. அவனுக்கும் அது தெரிந்திருந்தது.

"வாங்குங்கோ" என்றேன்.

வாங்கிவிட்டான். நூலகத்தின் நகலும் அழிக்கப்பட்டது. இப்போது அந்தப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறச் சதுரம், அதற்குள் நோர்வே மொழியில் "படம் மீளப் பெறப்பட்டது." கீழே என் தமிழ்க் குறிப்பு அசையாமல் இருக்கிறது. கவலையா என்றால் கவலைதான். பழி தீர்ந்ததா என்றால் தீர்ந்தது. தகப்பன் பொய் சொல்லிக் கொண்டுபோன வள்ளத்தை மகன் என்னிடம் சொல்லிவிட்டுக் கொண்டுபோயிருக்கிறான். அப்பாவுக்கு ஒரு வள்ளம் இருந்ததென்று மன்னார்க் கரையில் ஒரு அடையாளமும் இல்லை. இங்கே, வள்ளமில்லாத இந்தச் சதுரத்தின் கீழே, எழுதியிருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் யாரும் வாசிக்கட்டும் என்று அதைத் திரையில் திறந்து வைத்துவிட்டு, கைப்பையைத் தோளில் கொழுவிக்கொண்டு எழும்புகிறேன்.